சந்தா இல்லாமல் வீட்டு உடற்பயிற்சி இயந்திரம்: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

நியூஜெர்சியில் வசிக்கும் ஒருவர் அனுப்பிய கேள்விக்கான பதில் இது. பக்கத்து ஊரில் ஒருவர் தாம் பயன்படுத்திய பெலோட்டன் சைக்கிளை (திரையில் பயிற்சி வகுப்புகளைக் காட்டும், வீட்டுக்குள் நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிள்) குறைந்த விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். மாதச் சந்தா கட்டும் எண்ணம் கேட்டவருக்கு இல்லை. சந்தா இல்லாமல் அந்தச் சைக்கிள் பயன்படுமா, அல்லது சந்தாவே தேவைப்படாத வேறொன்றை வாங்குவது நல்லதா என்பது அவருடைய கேள்வி. மனைவிக்கு டிரெட்மில் வாங்கும் யோசனை இருப்பதாகவும், வீட்டில் நான்கு வயதுக் குழந்தை இருப்பதாகவும், சில ஆண்டுகளில் கோயம்புத்தூருக்கே திரும்பிவிடக்கூடும் என்றும் எழுதியிருக்கிறார். இந்த மூன்று தகவல்களும் பதிலை மாற்றக்கூடியவை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பெலோட்டன் சைக்கிள் சந்தா இல்லாமலும் ஓடும். வகுப்புகள் கிடைக்காது, உங்கள் பயிற்சிகளின் வரலாறு சேமிக்கப்படாது. ஆனால் 'ஜஸ்ட் ரைடு' என்ற பகுதியில் மிதிவேகம், எதிர்விசை, நீங்கள் வெளிப்படுத்தும் ஆற்றல் ஆகிய மூன்றும் திரையில் தெரியும். இதே விடையை எல்லா இயந்திரங்களுக்கும் பொருத்திவிட முடியாது. சந்தா நின்ற நாளில் சில இயந்திரங்கள் ஏறத்தாழ முழுமையாக மிஞ்சுகின்றன, சில பாதியாகச் சுருங்குகின்றன, சில வெறும் மரச்சாமான் ஆகிவிடுகின்றன. எது எந்த வகை என்பதை விளம்பரத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. அந்த இயந்திரத்தில் எதிர்விசை எப்படி உண்டாகிறது, அதை யார் கட்டுப்படுத்துகிறார்கள் என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

பெலோட்டனின் முதல் மாதிரியான சாதாரண சைக்கிளை எடுத்துக்கொள்வோம். அதன் முன்பகுதியில் கனமான சுழல்சக்கரம் ஒன்று இருக்கிறது. சிவப்புத் திருகைத் திருப்பும்போது நிலைக்காந்தங்கள் அந்தச் சக்கரத்தை நெருங்குகின்றன. சுழலும் உலோகத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகிச் சக்கரத்தைப் பின்னுக்கு இழுக்கிறது. காந்தங்களை நகர்த்துவது உங்கள் கை. திரை உடைந்தாலும், இணையம் போனாலும், நிறுவனமே மூடப்பட்டாலும் திருகு திருகாகவே வேலை செய்யும். திரை செய்வதெல்லாம் திருகு எந்த இடத்தில் நிற்கிறது, மிதி எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்பதைப் பார்த்து வாட் கணக்கைப் போட்டுக் காட்டுவதுதான். கெய்சர் எம்3ஐ, ஷ்வின் ஐசி4 போன்ற சைக்கிள்களிலும் எதிர்விசை இப்படிக் கையால் வைக்கப்படுவதுதான்.

பெலோட்டன் பைக் பிளஸ், நார்டிக்டிராக் எஸ்22ஐ போன்றவற்றில் அதே வேலையை ஒரு சிறு மோட்டார் செய்கிறது. பயிற்சியாளர் 'மேடு வருகிறது' என்று சொன்னதும் எதிர்விசை தானாக ஏறுவது இனிமையான வசதிதான். ஆனால் அந்த மோட்டாருக்குக் கட்டளையிடுவது மென்பொருள், மென்பொருளைக் கையில் வைத்திருப்பது நிறுவனம். டிரெட்மில்லில் இந்தச் சார்பு இன்னும் கூடுதல், ஏனென்றால் பட்டை ஓடுவதே மின்னணுக் கட்டளையால்தான். சுவரில் மாட்டும் டோனல் என்ற எடைப் பயிற்சி இயந்திரம் இந்த வரிசையின் கடைசி எல்லை. அதில் இரும்பு எடைகளே கிடையாது. முதல் மாதிரியில் 200 பவுண்டு வரையிலான இழுவிசையை மோட்டார்தான் உண்டாக்குகிறது. மாதம் ஏறத்தாழ 60 டாலர் சந்தாவை நிறுத்தினால் எடையை ஏற்றி இறக்கும் அடிப்படை வசதி மட்டும் எஞ்சும். பயிற்சித் திட்டம், தானாக எடையைப் பரிந்துரைத்தல், முன்னேற்றக் கணக்கு எல்லாம் போய்விடும். மிரர் என்ற இயந்திரம் திரை பதித்த கண்ணாடி மட்டுமே. சந்தா இல்லாவிட்டால் அதில் முகம் பார்க்கலாம். அதை 2020இல் 50 கோடி டாலர் கொடுத்து வாங்கிய லுலுலெமன் நிறுவனம் 2023இல் விற்பனையை நிறுத்திவிட்டது.

விலைக் கணக்கையும் இங்கேயே பார்த்துவிடலாம். பெலோட்டனின் முழுச் சந்தா பல ஆண்டுகள் மாதம் 39 டாலராக இருந்தது. 2022 ஜூனில் 44 டாலரானது. 2025 அக்டோபரில் 49.99 டாலரானது. இன்றைய விலையில் ஆண்டுக்கு 600 டாலர், ஐந்து ஆண்டுகளுக்கு 3,000 டாலர். புதிய சைக்கிளே 1,445 டாலருக்கு விற்ற இயந்திரம் அது. ஆகவே பழைய சைக்கிளை 300 டாலருக்கு வாங்குகிறீர்களா, 500 டாலருக்கு வாங்குகிறீர்களா என்ற பேரத்தைவிட, சந்தா கட்டப்போகிறீர்களா இல்லையா என்ற முடிவே உங்கள் செலவைத் தீர்மானிக்கிறது.

சந்தா இல்லாத சைக்கிளில் ஒழுங்கான பயிற்சி செய்ய முடியாது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது சரியல்ல என்பதை ஒரு எடுத்துக்காட்டோடு காட்டுகிறேன். 'ஜஸ்ட் ரைடு' திரையில் உங்கள் மொத்த ஆற்றல் கிலோஜூலில் ஏறிக்கொண்டே போகும். முதலில் பதினைந்து நிமிடம் மெதுவாக மிதித்து உடலைச் சூடாக்குங்கள். பிறகு அப்போது காட்டும் எண்ணைக் குறித்துக்கொண்டு, இருபது நிமிடம் சீராக, உங்களால் கடைசிவரை தாக்குப்பிடிக்கக்கூடிய உச்ச வேகத்தில் மிதியுங்கள். தொடக்கத்தில் 62 என்றும் முடிவில் 254 என்றும் இருந்தால், இருபது நிமிடத்தில் நீங்கள் செலுத்தியது 192 கிலோஜூல். இருபது நிமிடம் என்பது 1,200 நொடி. 1,92,000 ஜூலை 1,200ஆல் வகுத்தால் சராசரி 160 வாட். அதில் 95 விழுக்காட்டை எடுத்தால் 152 வாட். ஒரு மணி நேரம் உங்களால் தாங்கக்கூடிய ஆற்றலுக்கு இது நல்ல மதிப்பீடு. சைக்கிள் பயிற்சி உலகில் இதைச் சுருக்கமாக எஃப்டிபி என்பார்கள்.

இந்த ஓர் எண் கையில் இருந்தால் வாரத் திட்டத்தை நீங்களே போட்டுவிடலாம். அதன் 56 முதல் 75 விழுக்காடு வரை, அதாவது ஏறத்தாழ 85 முதல் 114 வாட் வரை, பேசிக்கொண்டே மிதிக்கக்கூடிய நிதானமான வரம்பு. வாரத்தின் பெரும்பாலான நேரம் இதில் போகலாம். வாரத்தில் ஒரு நாள் நான்கு நிமிடம் கடுமையாகவும் மூன்று நிமிடம் இளைப்பாறியும் நான்கு முறை மிதிக்கலாம். நார்வேயின் டிரொண்ட்ஹெய்ம் ஆய்வாளர்கள் வழியாகப் புகழ்பெற்ற இந்தப் பயிற்சிக்கு, கடுமையான நிமிடங்களில் இதயத்துடிப்பு உச்சத்தின் 90 விழுக்காட்டை ஒட்டி இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. மார்பில் கட்டும் போலார் எச்10 போன்ற ஒரு பட்டையைத் திரையுடனோ கைப்பேசியுடனோ இணைத்துவிட்டால் துடிப்பும் தெரிந்துவிடும். சேமிப்பு வசதி இல்லாத குறைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். இதய நோயோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள், பல ஆண்டுகளாக உடற்பயிற்சியே செய்யாதவர்கள், இருபது நிமிடச் சோதனைக்கு முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சாதாரண பெலோட்டன் காட்டும் வாட் எண் இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். திருகின் நிலையை வைத்துப் போடப்படும் கணக்கு என்பதால், அளவுத் திருத்தம் (கேலிபரேஷன்) சற்றுத் தவறினாலும் எண் மாறிவிடும். நண்பர் வீட்டுச் சைக்கிளில் அவர் எடுக்கும் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிட வேண்டாம். உங்கள் சைக்கிளில் சென்ற மாதம் எடுத்த எண்ணோடு இந்த மாத எண்ணை ஒப்பிட்டால் போதும்.

பயிற்சியாளரின் குரல் இல்லாமல் சலிப்புத் தட்டும் என்பவர்களுக்கு நடுவழியும் உண்டு. பெலோட்டனின் செயலிச் சந்தா தனியாகக் கிடைக்கிறது. முழுச் சந்தாவைவிட மிகக் குறைந்த விலை. கைப்பேசியிலோ டேப்லெட்டிலோ வகுப்பை ஓடவிட்டு, எந்தச் சைக்கிளிலும் மிதிக்கலாம். முழுச் சந்தா ஒரு வீட்டுக்கு, செயலிச் சந்தா ஒரு ஆளுக்கு என்பதை மட்டும் கவனியுங்கள்; வீட்டில் மூவர் பயன்படுத்தினால் கணக்கு மாறிவிடும். யூடியூபில் இலவசமாகவே ஏராளமான சைக்கிள் வகுப்புகள் கிடைக்கின்றன.

இனி எனக்கு மிகவும் கவலை தரும் பகுதிக்கு வருகிறேன். வாங்கும் நாளில் இருக்கும் வசதி நாளையும் இருக்கும் என்பதற்கு இந்தத் துறையில் உறுதி இல்லை. இயந்திரம் உங்கள் வீட்டில் நிற்கிறது, ஆனால் அதன் மென்பொருள் இரவோடிரவாக மாற்றப்படலாம். மூன்று நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன்.

முதலாவது, 2021இல் பெலோட்டன் டிரெட் பிளஸ். அந்த டிரெட்மில்லின் பின்புறத்தில் குழந்தைகளும் வளர்ப்பு விலங்குகளும் இழுக்கப்பட்டதாக எழுபதுக்கும் மேற்பட்ட புகார்கள் வந்தன. ஒரு குழந்தை உயிரிழந்தது. ஏப்ரலில் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் பொதுமக்களை எச்சரித்தது. முதலில் மறுத்த நிறுவனம், மே மாதம் ஏறத்தாழ 1,25,000 இயந்திரங்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அதையொட்டி நான்கு இலக்கக் கடவுச்சொல் போட்டால்தான் பட்டை ஓடும் என்ற பூட்டு வசதி மென்பொருள் வழியாக வந்தது. நோக்கம் முற்றிலும் நியாயமானது. ஆனால் அந்தப் பூட்டு சந்தாவோடு பிணைக்கப்பட்டிருந்ததால், 4,000 டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிச் சந்தா இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தவர்கள் தங்கள் டிரெட்மில்லை ஓட்ட முடியாமல் நின்றார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகு நிறுவனம் அவர்களுக்கு மூன்று மாதச் சந்தாவை இலவசமாகத் தந்து, சந்தா இல்லாதவர்களுக்கும் பூட்டு வேலை செய்ய வழி செய்வதாகச் சொன்னது. குழந்தையின் பாதுகாப்புக்கான ஒரு வசதி மாதக் கட்டணத்தோடு ஒரு நாள்கூடப் பிணைக்கப்பட்டிருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாவது, அதே 2021இல் நார்டிக்டிராக். அதன் எக்ஸ்32ஐ டிரெட்மில்லில் 32 அங்குலத் திரை இருக்கிறது, உள்ளே ஆண்ட்ராய்டு. திரையைப் பத்து முறை தட்டி, ஏழு நொடி காத்திருந்து, மறுபடியும் பத்து முறை தட்டினால் ஆண்ட்ராய்டின் உட்புறம் திறந்துவிடும். அதன் வழியாகப் பலர் தங்களுக்குப் பிடித்த படங்களையும் வேறு செயலிகளையும் பார்த்துக்கொண்டே ஓடினார்கள். நார்டிக்டிராக்கின் தாய் நிறுவனமான ஐஃபிட் ஒரு மேம்படுத்தலை அனுப்பி அந்த வழியை அடைத்தது. பாதுகாப்பே காரணம் என்று விளக்கமும் தந்தது. சுமார் 4,000 டாலர் கொடுத்து வாங்கியவர், தன் வீட்டுத் திரையில் எதைப் பார்க்கலாம் என்பதை இன்னொருவர் முடிவு செய்கிறார் என்ற கோபம் அப்போது எழுந்தது. சிலர் வீட்டு வைஃபையில் இயந்திரம் மேம்படுத்தலைப் பெறாதபடி தடுத்து வைத்தார்கள்.

மூன்றாவது, 2025 ஜூலையில் எக்கலான். இந்த நிறுவனத்தின் சைக்கிள்களை க்யூஇசட் என்ற சிறு மென்பொருள் வழியாக, திரையில் தெரியும் கற்பனைச் சாலைகளில் மிதிக்க வைக்கும் ஸ்விஃப்ட் போன்ற பிற செயலிகளோடு இணைத்துப் பலர் பயன்படுத்திவந்தார்கள். ஒரு தனி மென்பொருளாளர் எழுதி, மூலநிரலையும் பொதுவில் வைத்திருக்கும் செயலி அது. புதிய மேம்படுத்தலுக்குப் பிறகு, இயந்திரம் தொடங்கும்போதே நிறுவனத்தின் சர்வரைத் தொடர்புகொண்டு அனுமதி பெற வேண்டும் என்ற நிலை உருவாகி, அந்த இணைப்பு அறுந்துபோனது. சர்வர் என்றைக்காவது நின்றுபோனால் என்ன ஆகும் என்ற கேள்வி இதிலிருந்து தானாகவே எழுகிறது. நிறுவனங்கள் நிற்காமல் இல்லை. உடற்பயிற்சி இயந்திர நிறுவனமான பௌஃபிளெக்ஸ் 2024 மார்ச்சில் திவால் பாதுகாப்புக் கோரியது. அதன் சொத்துகளை ஜான்சன் ஹெல்த் டெக் வாங்கிக்கொண்டது.

இவற்றுக்கு மாறாக, இயந்திரமும் செயலியும் வேறுவேறு கைகளில் இருந்தாலும் பேசிக்கொள்ளும்படி ஒரு பொது வழி இருக்கிறது. ப்ளூடூத் அமைப்பு 2017இல் ஃபிட்னெஸ் மெஷின் சர்வீஸ் என்ற பொதுத் தரத்தை ஏற்றுக்கொண்டது, சுருக்கமாக எஃப்டிஎம்எஸ். இந்தத் தரத்தின்படி இயங்கும் சைக்கிளோ டிரெட்மில்லோ துடுப்பு இயந்திரமோ தன் வேகம், ஆற்றல் முதலியவற்றை எந்தச் செயலிக்கும் சொல்லும். செயலி கேட்டால் எதிர்விசையையும் சாய்வையும் மாற்றிக்கொள்ளும். இப்படிப்பட்ட இயந்திரம் இருந்தால், பிடித்தவரை ஸ்விஃப்டுக்கு மாதம் 19.99 டாலர் கட்டலாம். போதும் என்று தோன்றினால் கட்டணமே இல்லாத மைவூஷுக்கு மாறலாம். 2024இல் உலக சைக்கிள் கூட்டமைப்பின் மின்விளையாட்டு உலகப் போட்டி நடந்தது அந்தச் செயலியில்தான். உங்கள் சொந்தத் தரவைக் கணினியில் ஆராய கோல்டன்சீட்டா என்ற இலவச மென்பொருளும் உண்டு. சந்தா வேண்டாம் என்பவருக்கு மட்டும் உரிய அறிவுரை அல்ல இது. சந்தா கட்டுவதாக இருந்தாலும், இந்தக் கடை பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போகும் உரிமை கையில் இருக்க வேண்டும்.

வாங்கும்போது பெட்டியில் 'ப்ளூடூத்' என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பிவிட வேண்டாம். பல இயந்திரங்களில் ப்ளூடூத் என்பது இதயத்துடிப்புப் பட்டையிலிருந்து தகவல் வாங்குவதற்கோ ஒலிபெருக்கிக்கோ மட்டும் இருக்கும். பெலோட்டனின் சாதாரண சைக்கிளும் இப்படித்தான்: துடிப்புப் பட்டையை ஏற்றுக்கொள்ளும், தன் வாட் கணக்கை வெளிச் செயலிகளுக்கு அனுப்பாது. விற்பவரிடம் 'எஃப்டிஎம்எஸ் உண்டா' என்று கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால், ஸ்விஃப்ட் அல்லது மைவூஷ் செயலியை உங்கள் கைப்பேசியில் திறந்து, இயந்திரத்தின் பெயர் பட்டியலில் வருகிறதா என்று அங்கேயே பாருங்கள்.

சந்தாவே இல்லாமல் ஒரு நிறுவனம் எவ்வளவு நேர்த்தியாக இயங்க முடியும் என்பதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த சான்று கான்செப்ட்2. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 1976இல் இரண்டு சகோதரர்கள் தொடங்கிய நிறுவனம் அது. அதன் துடுப்பு இயந்திரம் ஏறத்தாழ 1,000 டாலர். அதற்குமேல் மாதக் கட்டணம் எதுவும் கிடையாது. எர்க்டேட்டா என்ற செயலியும், உங்கள் பயிற்சிகளைக் காலமெல்லாம் சேமிக்கும் இணையப் பதிவேடும் இலவசம். எதிர்விசையை உண்டாக்குவது காற்று: கைப்பிடியை இழுத்தால் விசிறிச் சக்கரம் சுழல்கிறது, வேகமாக இழுக்க இழுக்கக் காற்றின் தடை கூடுகிறது.

இதன் கணக்கிடும் முறை அழகானது. பிஎம்5 என்ற அதன் சிறு திரை, நீங்கள் ஒரு முறை இழுத்துவிட்டு அடுத்த இழுப்புக்காக முன்னே வரும் இடைவெளியில், விசிறி எவ்வளவு விரைவாக வேகம் இழக்கிறது என்பதை அளக்கிறது. அந்த வேக இழப்பிலிருந்தே அப்போதைய காற்றுத் தடையைக் கண்டுபிடித்துவிடுவதால், விசிறிக் கூண்டில் தூசு படிந்திருந்தாலும், மலையூரில் காற்று அடர்த்தி குறைந்திருந்தாலும் கணக்கு தானாகச் சரியாகிவிடுகிறது. அதனால்தான் போஸ்டனில் ஒருவர் எடுத்த 2,000 மீட்டர் நேரத்தையும் பெர்லினில் ஒருவர் எடுத்த நேரத்தையும் நேருக்கு நேர் ஒப்பிட முடிகிறது. பக்கத்தில் 1 முதல் 10 வரை எண்ணிட்ட ஒரு நெம்புகோல் இருக்கும். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் அதைப் பத்தில் வைத்துவிட்டு முதுகை வருத்திக்கொள்கிறார்கள். திரையின் கூடுதல் பட்டியலில் 'டிராக் ஃபேக்டர்' என்பதைத் தேர்ந்தெடுத்துச் சில முறை இழுத்துப் பாருங்கள்; 110 முதல் 130 வரை காட்டும்படி நெம்புகோலை வைத்தால் பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும். 500 மீட்டருக்கு இரண்டு நிமிடம் என்ற வேகம் காட்டினால் நீங்கள் செலுத்துவது 202 வாட்டைச் சற்றுத் தாண்டும். இந்தச் சமன்பாட்டையும் நிறுவனமே பொதுவில் வைத்திருக்கிறது.

இவ்வளவு சொன்னதால் சந்தா என்பதே வீண் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். வகுப்புகள் தயாராவதற்கு உண்மையாகவே செலவாகிறது: ஸ்டுடியோ, பயிற்சியாளர்களின் சம்பளம், எல்லாவற்றுக்கும் மேலாக இசை. 2019இல் இசை வெளியீட்டாளர்கள் பெலோட்டன்மீது 15 கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார்கள். பாடல் உரிமைச் சிக்கலால் பல வகுப்புகள் நீக்கப்பட்டன. மறு ஆண்டு சமரசம் ஏற்பட்டது. அது தவிர, சந்தா கட்டுபவர்கள் அதை எளிதில் விடுவதில்லை. பெலோட்டனின் காலாண்டு அறிக்கைகளில் மாதந்தோறும் விலகுபவர்கள் பெரும்பாலும் இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவாகத்தான் இருந்துவருகிறார்கள். குறித்த நேரத்தில் வகுப்பு இருக்கிறது என்பதற்காகவே காலையில் எழுபவர்கள் உண்டு. பயிற்சியாளர் பெயர் சொல்லி அழைத்தால் கூடுதலாகப் பத்து நிமிடம் மிதிப்பவர்கள் உண்டு. அப்படிப்பட்டவருக்கு 50 டாலர் சந்தா, போகாமலே பணம் கட்டும் உடற்பயிற்சிக் கூடத்தைவிட எவ்வளவோ மேல். நீங்கள் எந்த வகை என்பதை முதலில் கண்டுகொள்ளுங்கள்: செயலிகளின் இலவசச் சோதனைக் காலத்தில், எந்தச் சைக்கிளிலாவது ஒரு மாதம் வகுப்புகளோடு பயிற்சி செய்து, அடுத்த மாதம் வகுப்பு இல்லாமல் செய்து பாருங்கள். எந்த மாதத்தில் அதிக நாள் சைக்கிளில் ஏறினீர்களோ, அதற்கேற்ப முடிவு செய்யலாம்.

இன்னொரு சிறு செய்தி, தரவைப் பற்றி. வயது, எடை, இதயத்துடிப்பு, நீங்கள் எந்நேரம் வீட்டில் பயிற்சி செய்கிறீர்கள் என்பதெல்லாம் இந்த நிறுவனங்களிடம் சேர்கின்றன. பெலோட்டன் பயனர்களின் தனிப்பட்ட விவரங்கள், கணக்கைத் தனிப்பட்டதாக மாற்றி வைத்திருந்தவர்களுடையவை உட்பட, வெளியார் எளிதில் எடுக்கும்படி இருந்ததை 2021இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள்; பிறகு சரிசெய்யப்பட்டது. கணக்குத் திறக்கும்போது தேவையற்ற விவரங்களைத் தராமலிருப்பது எப்போதும் நல்லது.

இனி உங்கள் பேரம். அந்தச் சைக்கிளைப் பார்க்கப் போகும்போது, விற்பவர் தம் சந்தாவை ரத்து செய்து, கணக்கை நீக்கி, திரையைத் தொழிற்சாலை நிலைக்கு மாற்றுவதை உங்கள் கண்முன்னே செய்யச் சொல்லுங்கள். அதன் பிறகு 'ஜஸ்ட் ரைடு' திறக்கிறதா, மூன்று எண்களும் வருகின்றனவா என்று நீங்களே ஏறி மிதித்துப் பாருங்கள். அவருடைய சந்தா ஓடிக்கொண்டிருக்கும்போது எல்லாம் வேலை செய்வதைப் பார்த்துவிட்டு வந்தால் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. 2024 ஆகஸ்ட் முதல், வெளியில் வாங்கிய பழைய இயந்திரத்துக்குப் புதிதாகச் சந்தா தொடங்குபவரிடம் பெலோட்டன் ஒரு முறை 95 டாலர் வாங்குகிறது. பின்னாளில் மனம் மாறிச் சந்தா எடுத்தால் இதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

இருக்கைத் தண்டைக் கட்டாயம் கவனியுங்கள். அது ஓட்டும்போதே உடைந்து ஆள் விழுந்ததாகப் புகார்கள் வந்ததால், 2023 மே மாதத்தில் ஏறத்தாழ 22 லட்சம் சைக்கிள்களின் இருக்கைத் தண்டுகள் திரும்பப் பெறப்பட்டன. மாற்றுத் தண்டு இலவசம். விற்பவர் மாற்றிவிட்டாரா என்று கேளுங்கள், மாற்றவில்லையென்றால் நீங்கள் கோரிப் பெற்று மாட்டும்வரை ஏற வேண்டாம். திருகை முழுவதும் இடப்பக்கம் தளர்த்தினால் எதிர்விசை எண் பூச்சியத்தை ஒட்டி வர வேண்டும். அந்தச் சைக்கிளின் மிதிகள் லுக் டெல்டா என்ற, காலணியின் அடியில் பூட்டிக்கொள்ளும் வகை, அதற்கேற்ற காலணி இல்லாவிட்டால் சாதாரண மிதிகளை மாட்டிக்கொள்ளலாம். இடப்பக்க மிதியின் மரை எதிர்த்திசையில் சுழலும் என்பதை மறந்து பலம் கொடுத்துத் திருகி மரையைக் கெடுத்துவிடாதீர்கள்.

டிரெட்மில்லுக்கு வேறு அளவுகோல். நான்கு வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில், உருவி எடுத்து வைத்துக்கொள்ளும் பாதுகாப்புச் சாவி உள்ளதாகவும், வேகத்தையும் சாய்வையும் பொத்தானை அழுத்தி மாற்றக்கூடியதாகவும், பெரிய திரை இல்லாததாகவும் வாங்குங்கள். ஓடி முடித்ததும் சாவியைக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், மின்செருகியைப் பிடுங்கிவிடுங்கள். படம் பார்க்க வேண்டுமென்றால் உங்கள் டேப்லெட்டை எதிரே வைத்துக்கொள்ளலாம். ஐந்து ஆண்டில் டேப்லெட் பழசானால் டேப்லெட்டை மட்டும் மாற்றினால் போதும். எஃப்டிஎம்எஸ் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் நடப்பதற்கும் ஓடுவதற்கும் குறை ஒன்றுமில்லை.

ஊர் திரும்பும் எண்ணம் உறுதியானால் அமெரிக்காவில் வாங்கிய டிரெட்மில்லைக் கப்பலில் ஏற்ற வேண்டாம். அங்கே 120 வோல்ட், நம்மூரில் 230 வோல்ட். அவ்வளவு பெரிய மோட்டாருக்குக் கனமான மின்மாற்றி வேண்டும், கெட்டுப்போனால் உதிரிப்பாகத்துக்கும் அலைய வேண்டும். பெலோட்டன் இந்தியாவில் விற்பனைக்கே வரவில்லை, பழுதுபார்க்க ஆள் வராது. கான்செப்ட்2 துடுப்பு இயந்திரத்துக்கோ சுவர் மின்சாரமே தேவையில்லை. திரைக்கு இரண்டு டி அளவு பேட்டரி போதும், இயந்திரம் இரண்டாகப் பிரியும்.

ஆகவே உங்கள் நிலையில் நான் செய்வது இதுதான். விற்பவர் கேட்பது 400 டாலருக்குள் இருந்து, சந்தாவை நீக்கிய பிறகும் 'ஜஸ்ட் ரைடு' திறந்து, இருக்கைத் தண்டும் மாற்றப்பட்டிருந்தால் அந்தப் பெலோட்டனை வாங்கி, நான் மேலே சொன்ன இருபது நிமிடச் சோதனையிலிருந்து தொடங்குவேன். ஊர் திரும்பும்போது அமெரிக்காவிலேயே இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவேன். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அதை விட்டுவிட்டு, பழைய கான்செப்ட்2 ஒன்றைத் தேடுவேன். அவை விலை அதிகம் இறங்குவதில்லை என்பதால் பொறுமையாகப் பார்க்க வேண்டியிருக்கும். டிரெட்மில்லைப் புதிதாகவே வாங்குவேன், கடையில் நின்று 'கணக்கு எதுவும் திறக்காமல் இதை ஒரு முறை ஓட்டிக் காட்டுங்கள்' என்று கேட்ட பிறகு.